துடைத்தால் போகாத பொட்டு

மலர்,

ஏழுமலையின் கையைச் சுட்ட டப்பாவைச் செய்தது நான். நீ இல்லை. நீ வேண்டாம் என்று ஒதுக்கி, சிவப்புப் புள்ளி வைத்திருந்த பேட்டரி செல்களை எடுத்து, அந்தப் புள்ளியை பிளேடால் சுரண்டிவிட்டு நான்தான் அதற்குள் வைத்துக் கட்டினேன். அது கடலில் எரிந்த பிறகு, தேங்காய்த்திட்டு துறைமுகத்தில் மீன் ஏலம் நடக்கிற இடத்தில், அத்தனை பேர் முன்னால், "சின்னப் பொண்ணு, தெரியாம பண்ணிட்டா, மன்னிச்சிடுங்க" என்று உனக்காக மன்னிப்புக் கேட்டதும் நான்தான். எரிந்ததை விட அந்த மன்னிப்புதான் பெரிய அநியாயம். பெற்ற அம்மாவே சொல்லிவிட்டாள் என்ற பிறகு அங்கே யாருக்கும் சந்தேகம் வரவில்லை.

இதை உன் போனுக்கு மட்டும் அனுப்பியிருக்கலாம். நீ படித்துவிட்டு "சரிம்மா, விடு" என்று ஒரு வரி போட்டிருப்பாய். உன் "விடு" எனக்கு வேண்டாம். நாலு பேர் பார்க்கச் செய்ததை நாலு பேர் பார்க்கத்தான் எடுக்க வேண்டும். அதனால் இதை எல்லோரும் படிக்கிற மாதிரி எழுதுகிறேன். உன்னைத் தெரியாதவர்களும் படிப்பார்கள் என்பதால் உனக்குத் தெரிந்ததையும் சொல்லியாக வேண்டியிருக்கிறது. பொறுமையாகப் படி. அப்பாவிடம் ஆயுத பூஜைக்கு வரமாட்டேன் என்று சொன்னாயாம். படித்து முடித்த பிறகும் அதையே சொல்வதானால் என்னிடம் நேராகச் சொல்.

எனக்கு யாரும் எதையும் சொல்லிக்கொடுக்கவில்லை என்பது உனக்குத் தெரியும். மேட்டுப்பாளையத்துத் தொழிற்பேட்டையில் எமர்ஜென்சி விளக்கு செய்கிற கம்பெனியில் நாள் முழுக்க ஈயத்தை உருக்கிக் கம்பிகளைப் பற்றவைக்கிற வேலை. எந்தக் கம்பி எந்த இடத்தில் என்று மட்டும்தான் காட்டுவார்கள். ஏன் என்று கேட்டால் சூப்பர்வைசர் முறைப்பான். அந்த 'ஏன்' எல்லாவற்றையும் நானாக, கெட்டுப்போன விளக்கை வீட்டுக்குக் கொண்டுவந்து பிரித்துப் பார்த்துத் தெரிந்துகொண்டேன். கம்பெனியை மூடியதும் சால்டரிங் அயர்னும் மீட்டரும் வாங்கி நம் வீட்டு முன்னறையில் உட்கார்ந்தேன். படகுக்காரர்களின் டார்ச், விளக்கு, கடைகளின் இன்வெர்ட்டர் எல்லாம் என் கையில்தான் உயிர் பெற்றன. "அக்கா பாத்தா ஓடும்" என்று சொல்வார்கள். அந்தச் சொல்லில்தான் நான் இத்தனை காலம் நிமிர்ந்து நடந்தேன். நான் பழகியது பழைய ஈய பேட்டரி. அது கொஞ்சம் பொறுத்துப் போகும். தண்ணீர் குறைந்தால் ஊற்றிக்கொள்ளலாம். தப்பாக இணைத்தால் உறுமும், எச்சரிக்கும். உன்னுடைய சின்ன செல்கள் அப்படி இல்லை என்று நீ எத்தனையோ முறை சொன்னாய். நான் காதில் வாங்கவில்லை.

அந்தப் புயலில்தான் எல்லாம் ஆரம்பித்தது. நீ லாஸ்பேட்டையில் டிப்ளமோ கடைசி வருஷம். நாள் கணக்கில் கரண்டு இல்லை. போன் எல்லாம் செத்துக் கிடந்தது. நீ காயலாங்கடையிலிருந்து ஒரு பை நிறைய பழைய லேப்டாப் பேட்டரிகளை ஸ்கூட்டரில் தொங்கவிட்டுக்கொண்டு வந்தாய். பிரெஞ்சு ராணுவப் பென்ஷன் வாங்குகிற எதிர்த்தெரு சொல்தா வீட்டுப் பெரியவரிடமும் அவருடைய செத்துப்போன லேப்டாப்பைக் கேட்டு வாங்கினாய். முன்னறையில் உட்கார்ந்து பிளாஸ்டிக்கை ஸ்க்ரூடிரைவரால் நெம்பி உடைத்தாய். உள்ளே இருந்து விரல் நீளத்துக்கு உருளை உருளையாக செல்கள் வந்தன.

"செத்ததக் கொண்டாந்து அறுத்துக்கினு இருக்க" என்றேன்.

"முழுசா சாவலம்மா. ஆறு செல்லுல ஒண்ணு ரெண்டு கெட்டிருக்கும். அதுக்காக மொத்தத்தையும் தூக்கிப் போட்டுட்டாங்க. மீதி நல்லாதான் இருக்கும்."

நன்றாகத்தான் இருந்தன. அவற்றைச் சேர்த்து, ஒரு சின்ன போர்டைப் பொருத்தி, நீ பள்ளிக்கூடத்துக்கு எடுத்துப்போன பழைய டிபன் டப்பாவுக்குள் அடக்கினாய். பகலில் கல்லூரி ஜெனரேட்டரில் சார்ஜ் ஏற்றி, சாயங்காலம் தெருவுக்குக் கொண்டுவந்தாய். நம் வாசலில் போனோடு வரிசையில் நின்றார்கள். அதில் ஒருவன் ஏழுமலை. ஃபைபர் படகில் கரண்டு எது? இரண்டு நாள் கடலில் தங்கினால் போனும் திசை காட்டுகிற கருவியும் அணைந்துவிடும். "பாப்பா, படகுக்கு ஒண்ணு செஞ்சி குடேன்" என்று கேட்டான். அப்புறம் அவன் மச்சான் கேட்டான். அப்புறம் துறைமுகமே கேட்டது. கடையில் விற்பதற்குப் பவர் பேங்க் என்று பெயர். நீ செய்வதற்கு டப்பா என்றே பெயர் வந்துவிட்டது.

நீ செய்கிற விதம் எனக்குப் பொறுக்கவில்லை. ஒவ்வொரு செல்லையும் முழுக்க சார்ஜ் ஏற்றி, முட்டை அட்டையில் நிற்க வைத்து, வாரக் கணக்கில் அப்படியே விடுவாய். "தூங்கட்டும்" என்பாய். பிறகு மறுபடி மீட்டர் வைத்துப் பார்ப்பாய். எது இறங்கியிருக்கிறதோ, சார்ஜ் ஏறும்போது எது சுட்டதோ, அதன் உடம்பில் நெயில் பாலிஷால் ஒரு சிவப்புப் புள்ளி. உன் அத்தை மகள் கல்யாணத்துக்கு வாங்கிய பாட்டில் அது. உன் நகத்தில் ஒருநாள் கூடப் பட்டதில்லை.

"நாலு வோல்ட் காட்டுது. இன்னும் இன்னாடி வேணும் உனக்கு?" என்று கேட்டேன்.

"இன்னிக்கிக் காட்டும்மா. தூங்கி எழுந்தாதான் அதோட குணம் தெரியும்."

"செல்லா, மாப்பிள்ளையா? பழகிப் பாத்து குணம் தெரிஞ்சிக்க?"

உன் அப்பா டீயைத் துப்புகிற அளவுக்குச் சிரித்தார். நீயும் சிரித்தாய். ஆனால் புள்ளி வைத்தது வைத்ததுதான். செல்லின் மேல் நேராகப் பற்றவைக்க விடமாட்டேன் என்றாய், சூடு உள்ளே போய்க் கெடுக்குமாம். அதற்கென்று ஒரு வெல்டிங் மெஷின் வாங்கினாய். ஒவ்வொரு செல்லுக்கும் மெல்லிசாக ஒரு ஃபியூஸ் கம்பி வைத்தாய். "ஒவ்வொண்ணுக்கும் அரணாக்கயிறா கட்ற?" என்று கேலி செய்தேன். "ஒண்ணு கெட்டா பக்கத்துல இருக்கிற எல்லாம் அதுக்குள்ள பாயும்மா. கம்பி இருந்தா அறுந்துக்கினு அது மட்டும் தனியாப் போயிடும்" என்றாய். எனக்குப் புரிந்தது. புரிந்ததைக் காட்டிக்கொள்ளவில்லை. ஆயுசு முழுக்கக் கையில் சால்டரிங் அயர்ன் பிடித்தவளை செல்லின் பக்கமே வராதே என்று சொன்னால் எப்படி இருக்கும் என்று நீயும் யோசிக்கவில்லை. பற்றவைக்கிற விஷயத்தில் நான் இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை. கை வேகமாக இருந்தால் சூடு உள்ளே போகாது. இதை நான் சாகும்வரை சொல்வேன்.

போன ஆயுத பூஜை உனக்கு நினைவிருக்கும். அயர்ன், மீட்டர், குறடு, அப்பாவின் ஆட்டோ, உன் ஸ்கூட்டர் எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம் வைத்தேன். நீ தனித்தனி அட்டையில் வைத்திருந்த செல்களை, நல்லது, ஒதுக்கியது எல்லாவற்றையும் ஒரே வாழை இலையில் பரப்பி ஒவ்வொன்றுக்கும் ஒரு பொட்டு வைத்தேன். நீ குளித்துவிட்டு வந்து பார்த்துத் தலையில் கை வைத்தாய்.

"ஒதுக்கினதுக்கு எதுக்கும்மா பொட்டு?"

"அதுவும் நம்ம வீட்டுப் பொருள்தானடி."

பூஜையில் வைத்ததை அன்றைக்கு எடுக்கக் கூடாது. மறுநாள் விடிந்ததுமே சிநேகிதி கல்யாணத்துக்கு நீ விழுப்புரம் பஸ் பிடிக்க வேண்டும். பிரித்து வைக்க நேரமில்லை. செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னாய்: "துடைச்சாப் போறது உன் பொட்டு. போவாதது என்னுது. வந்து நான் பிரிச்சிக்கிறேன். நீ தொடாத."

இதைவிடத் தெளிவாக யாரும் சொல்ல முடியாது. அதனால்தான் தெரியாமல் நடந்தது என்று சொல்ல எனக்கு ஒரு இடுக்குக் கூட இல்லை.

நீ போன கொஞ்ச நேரத்தில் ஏழுமலை வந்தான். மறுநாள் விடிவதற்குள் படகு இறக்கப்போகிறார்கள், பழைய டப்பா தண்ணீரில் விழுந்துவிட்டது, புதுசு ஒன்று வேண்டும் என்றான். வாசலில் நின்றபடியே உள்ளே எட்டிப் பார்த்தான்.

"பாப்பா இல்லியாக்கா?"

"ஊருக்குப் போயிருக்கா. நான் செஞ்சி தரேன், சாயங்காலம் வா."

அவன் தலையைச் சொறிந்தான். "இல்லக்கா, பாப்பா செஞ்சா ரெண்டு நாளும் நிக்குது. அதான். நான் வோணா அடுத்த வாட்டி வாங்கிக்கிறேன்."

அவன் அப்பா காலத்து டார்ச்சிலிருந்து நான் பார்த்துக் கொடுத்திருக்கிறேன். என் முன்னால் நின்றுகொண்டு உன்னைத் தேடினான். அந்த நேரத்தில் என் வாயில் வந்தது இதுதான்: "பாப்பா செஞ்சி வெச்சிட்டுதான் போயிருக்கா. மூடிதான் மாட்டணும். சாயங்காலம் வா." அவன் முகம் மலர்ந்துவிட்டது. உன் பெயரைச் சொன்னதும் மலர்ந்தது. பெற்ற மகள் மேல் பொறாமைப்பட முடியும் என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. அதற்கு முன்னால் அதற்கு வேறு வேறு பெயர் வைத்திருந்தேன்.

ஈரத் துணியை எடுத்து ஒவ்வொரு செல்லாகத் துடைத்தேன். குங்குமம் துணியில் வந்துவிட்டது. பொட்டு போனவற்றை ஒரு பக்கம் வைத்தேன். அவை ஒரு டப்பாவுக்குப் போதவில்லை, இரண்டு குறைந்தது. மீதி எல்லாவற்றிலும் துடைத்தும் போகாத சிவப்பு. அதில் இரண்டுக்கு மீட்டர் வைத்தேன். நாலு வோல்ட். இவள் யார், என் மீட்டருக்கு மேல்? பிளேடை எடுத்தேன். நெயில் பாலிஷ் தோல் மாதிரி உரிந்து வந்தது. செல்லின் மேல் நேராகப் பற்றவைத்தேன். ஃபியூஸ் கம்பி வைக்கவில்லை. நீ எப்போதும் செல்களைச் சுற்றுகிற நீல உறை எங்கே இருக்கிறது என்று தேடாமல் கறுப்பு இன்சுலேஷன் டேப்பைச் சுற்றி மூடினேன். ஏழுமலை வந்து சந்தோஷமாக வாங்கிக்கொண்டு போனான்.

கடலில் நடந்ததை அவன் சொல்லித்தான் எல்லோருக்கும் தெரியும். போனைச் சொருகிவிட்டு வலைமேல் டப்பாவை வைத்திருக்கிறான். சீறுகிற சத்தம், வெள்ளையாகப் புகை, வலை பற்றிக்கொண்டது. ஒரு முழம் தள்ளிப் பெட்ரோல் கேன். யோசிக்க நேரமில்லாமல் வெறும் கையால் டப்பாவை அள்ளிக் கடலில் வீசியிருக்கிறான். உள்ளங்கைத் தோல் டப்பாவோடு போய்விட்டது. அவன் அப்படிச் செய்திருக்காவிட்டால் நான் இந்தக் கடிதத்தை எழுதிக்கொண்டிருக்க மாட்டேன். அவன் வீட்டிலும் படகில் கூட இருந்த மச்சான் வீட்டிலும் படத்துக்கு மாலை தொங்கியிருக்கும்.

ஊரிலிருந்து நீ வந்து இறங்கியதும் செய்தி கேட்டு நேராகத் துறைமுகத்துக்கு வந்தாய். நான் உனக்கு முன்பே அங்கே இருந்தேன். ஏழுமலை ஈர லுங்கியைக் கையில் சுற்றிக்கொண்டு மீன் கூடைமேல் உட்கார்ந்திருந்தான்.

"இன்னா பாப்பா, உன் டப்பா எனக்கே கொள்ளி வெச்சிடுச்சே" என்றான். கோபமாகக் கூடச் சொல்லவில்லை.

கூட்டத்தில் ஒருத்தன் சொன்னான், "பொட்டப் புள்ளைய கரண்டு வேலைக்கு வுட்டா இப்டித்தான்." அவன் வீட்டு விளக்கு அப்போது பழுது பார்க்க வந்து என் முன்னறையில் கிடந்தது. என் வாயில் அதற்கு நூறு பதில் உண்டு. நான் சொன்னது அந்த மன்னிப்பு மட்டும்தான். சின்னப் பொண்ணு, தெரியாம பண்ணிட்டா.

ஏழுமலையின் மச்சான் கையில் டப்பாவின் மூடி மட்டும் மிச்சம் இருந்தது. அதில் உருகி ஒட்டிக்கொண்டிருந்த கறுப்பு டேப்பை நீ பார்த்தாய். பிறகு என்னைப் பார்த்தாய். அந்த ஒரு பார்வையில் உனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. "ஆமா மாமா, என் தப்புதான்" என்றாய். வீட்டுக்கு வந்து வெல்டிங் மெஷினை அட்டைப்பெட்டியில் போட்டு மேலே ஏற்றினாய். டப்பா விற்கத் துறைமுக வாசலில் பார்த்து வைத்திருந்த கடையை வேண்டாம் என்று சொன்னாய். தை பிறந்ததும் ஓசூரில் வேலை என்று கிளம்பிவிட்டாய். போன் பண்ணினால் "சாப்டியாம்மா" என்று கேட்கிறாய். வேறு எதுவும் கேட்பதில்லை.

எனக்கு உன்மேல் கோபம் உண்டு. இதை மறைக்க மாட்டேன். நீ அங்கேயே, அந்தக் கூட்டத்திலேயே, "எங்கம்மா செஞ்சது" என்று கத்தியிருக்க வேண்டும். நான் மறுத்திருப்பேன், சண்டை நடந்திருக்கும், உண்மை எப்படியாவது வெளியே வந்திருக்கும். நீ பெரிய மனுஷி மாதிரி வாங்கிக்கொண்டாய். உன் நல்லதனத்துக்கு அடியில் ஒரு வருஷமாக நான் மூச்சு முட்டிக் கிடக்கிறேன். உனக்கு நாளைக்கு ஒரு மகள் பிறந்தால் அவளுக்கு இதைச் சொல்: தப்பு செய்தவளைக் காப்பாற்ற உன் பெயரைக் கொடுக்காதே, அவள் பெற்றவளாக இருந்தாலும். நீ கொடுத்தாய், நான் சந்தோஷமாக வாங்கிக்கொண்டேன். வாங்கியவளுக்கு இதைச் சொல்ல யோக்கியதை இல்லைதான். ஆனாலும் சொல்கிறேன்.

நீ போன பிறகு, புள்ளி வைத்த மிச்ச செல்களை எடுத்து, நீ செய்கிற மாதிரியே சார்ஜ் ஏற்றி முட்டை அட்டையில் தூங்க வைத்தேன். நீ தப்பு என்று நிரூபிக்கத்தான். தினமும் மீட்டரைக் கையில் எடுத்துவிட்டுத் திரும்ப வைத்துவிடுவேன். வாரங்கள் கழித்துப் பார்த்தபோது பலதும் பாதிக்கு இறங்கியிருந்தன. ஒன்று சுத்தமாகச் செத்திருந்தது. இன்னொன்றை மறுபடி சார்ஜில் போட்டேன், கையில் பிடிக்க முடியாத சூடு. பிடுங்கி மணல் வாளியில் வீசிவிட்டுப் பின்கட்டில் போய் உட்கார்ந்தேன். ஏழுமலை கையில் பிடித்தது இதைத்தானே என்று தோன்றியது. உன் அப்பா ஏன் அழுகிறாய் என்று கேட்டார். அப்போதுதான் அவரிடமே சொன்னேன். அவர் என் கையால் வாங்காமல் இரண்டு நாள் தானே காபி போட்டுக் குடித்தார். புள்ளி வைத்ததில் ஒன்று மட்டும் இன்றைக்கும் நாலு வோல்ட் காட்டுகிறது என்பதையும் எழுதிவைக்கிறேன். அது ஒன்றை நீ தப்பாக ஒதுக்கியிருக்கிறாய். வந்து பார்.

போன வாரம் ஏழுமலை வீட்டுக்குப் போய்ச் சொல்லிவிட்டேன். அவன் வலை பின்னிக்கொண்டிருந்தான். வலது கை விரல்கள் இப்போதும் முழுதாக மடங்குவதில்லை. ஊசியை இடது கையில் பிடித்துப் பழகியிருக்கிறான். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு நிமிர்ந்தான்.

"என் கைய வுடுக்கா. அந்தப் புள்ள எதிர்ல வந்தா மூஞ்சியத் திருப்பிக்கினு போனேன் நானு. மாமான்னு கூப்டுச்சி, கேக்காத மாரி போனேன். அத யாரு சரி பண்றது?"

"நான்தான்."

"எங்கிட்ட வந்து குசுகுசுன்னு சொன்னா சரியாப் பூடுமா? அன்னிக்கி எங்க நின்னு சொன்ன?"

என்னை உட்காரச் சொல்லவில்லை, தண்ணீர் கொடுக்கவில்லை. கேட்டது நியாயம். அதனால்தான் இந்தக் கடிதம்.

இனி நடக்க வேண்டியதைச் சொல்கிறேன். ஆயுத பூஜைக்கு முந்தின நாள், ஏலம் நடக்கும்போது, அன்றைக்கு நின்ற அதே இடத்தில் நின்று நான் என் வாயால் சொல்ல வேண்டும். எழுதியது வாயால் சொன்னதாகாது. நீ அங்கே இருந்தாலும் இல்லாவிட்டாலும் சொல்வேன். இந்தக் கடிதத்தைப் படம் பிடித்துப் படகுக்காரர்களின் வாட்ஸ்அப் குழுவில் போடுவது உன் அப்பா வேலை. மணல் வாளியில் போட்டு வைத்திருக்கிற கெட்ட செல்களைப் பழைய பேட்டரி வாங்கிக்கொள்கிற இடத்தில் ஒப்படைப்பதும் அவர்தான். நடுவில் டீக்கடையில் நிறுத்தக் கூடாது. ஏழுமலை உனக்குப் போன் பண்ண வேண்டும். பண்ணுகிறேன் என்றிருக்கிறான், அவன் கூப்பிட்டால் எடு. பொட்டப் புள்ள என்று சொன்னவன் உன்னிடம் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். அதுவரை அவன் விளக்கு என் முன்னறையிலேயே கிடக்கும். துறைமுக வாசல் கடைக்காரரிடம் இடம் இன்னும் காலியா என்று கேட்பது நான். கேட்டுவிட்டேன், காலி. எடுப்பதும் எடுக்காததும் நீ. செல்லின் மேல் இனி அயர்ன் வைக்க மாட்டேன், அது நீ கேட்டதற்காக. ஒத்துக்கொண்டேன் என்று அர்த்தமில்லை. வெல்டிங் மெஷினை மேலிருந்து நீதான் இறக்க வேண்டும், எனக்கு எட்டாது. பூஜைக்குச் சந்தனமும் குங்குமமும் நான் வைப்பேன், எல்லாவற்றுக்கும் வைப்பேன், ஒதுக்கியதற்கும். ஒதுக்குவது எது என்று குறி வைப்பது நீ. உன் நெயில் பாலிஷ் காய்ந்துவிட்டது, வரும்போது புதுசு வாங்கி வா. பச்சையாக வாங்கு. குங்குமம் என்று நினைத்தேன் என்று சொல்ல எனக்கு ஒரு சாக்கு இருக்கக் கூடாது.